கட் கட்டளையில் சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

ஈரோடு மஞ்சள் மண்டி விலைப் பட்டியலோ, திருப்பூர் பனியன் கம்பெனி ஆர்டர் விவரமோ டெக்ஸ்ட் ஃபைலாக வந்தால், வேண்டிய பகுதியை மட்டும் உருவி எடுக்க லினக்ஸ் இயங்குதளத்தின் கட் (cut) கட்டளையே போதும். ஆனால் நாம் தப்பாகக் கேட்டாலும் அது பெரும்பாலும் எரர் காட்டாது. எதையோ எடுத்துக் கொடுத்துவிடும், அந்த எண் கணக்கிலும் ஏறிவிடும். அதனால்தான் இதில் கவனம் வேண்டும் என்கிறேன்.

ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

ஈரோடு,விரலி,40,14500

ஊர், ரகம், மூட்டை, விலை. பிரிப்பானை, அதாவது பகுதிகளைப் பிரிக்கும் குறியைச் சொல்லும் டி ஆப்ஷனில் (-d) காற்புள்ளியைச் சொல்லாமல், எத்தனையாவது பகுதி (ஃபீல்டு) வேண்டும் என்று சொல்லும் எஃப் ஆப்ஷனில் (-f) 4 என்று கேட்டால் முழு வரியும் அப்படியே வரும். சொல்லாவிட்டால் கட் தேடுவது டேப்பைத்தான். டேப் இல்லாத வரியை வெட்டாமல் விட்டுவிடும். காற்புள்ளியைச் சொன்ன பிறகும், பட்டியலின் நடுவே வரும் காற்புள்ளி இல்லாத தலைப்பு வரிகள் விலையோடு கலப்பதும் இதே மாதிரிதான். எஸ் ஆப்ஷன் (-s) சேர்த்தால் அவை நின்றுவிடும்.

விலையை முதலில் போட 4,2 என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நாம் எந்த வரிசையில் கேட்டாலும் கட் மூல வரிசையில்தான் தரும்: விரலி,14500. வரிசை மாற வேண்டுமென்றால் ஆக் (awk) என்ற இன்னொரு கட்டளைக்குப் போய்விடுங்கள்.

இடைவெளி விட்டு நேராக அடுக்கிய பட்டியலில் ஒவ்வொரு இடைவெளியும் தனிப் பிரிப்பான்தான். நடுவில் நாலு இடைவெளி இருந்தால் மூன்று வெற்று ஃபீல்டு. எழுத்துகளை மாற்றும் டிஆர் (tr) கட்டளையின் எஸ் ஆப்ஷனால் முதலில் அவற்றை ஒன்றாக்குங்கள்.

நம்மை அதிகம் பாதிப்பது சி ஆப்ஷன் (-c). எழுத்துக் கணக்கில் வெட்டுவதாகச் சொன்னாலும், லினக்ஸில் வழக்கமாக வரும் குனூ (GNU) கட்டின் பல பதிப்புகள் பைட்டைத்தான் எண்ணும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு (ர போன்ற எழுத்தோ, அதோடு சேரும் கால், கொம்பு போன்றதோ) 3 பைட். கண்ணுக்கு மூன்றெழுத்தான ஈரோடு, உள்ளே 5 குறிகள், 15 பைட். முதல் மூன்றைக் கேட்டால் ஈ மட்டும் வரும். நாலு கேட்டால் ஈ-யும் அதன் பின்னால் ஓர் உடைந்த குறியும். தமிழ் வரியை இடம் எண்ணி வெட்டவே வேண்டாம், பிரிப்பானை வைத்து வெட்டுங்கள்.

அப்புறம் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்து எழுதும் ஃபைல். மேற்கோளுக்குள் "பெருந்துறை ரோடு, ஈரோடு" என்று முகவரி இருந்தால், அந்தக் காற்புள்ளியிலும் கட் வெட்டும். அந்த வரியில் மட்டும் விலை ஒரு ஃபீல்டு தள்ளிப் போய்விடும். அப்படிப்பட்ட ஃபைலுக்குப் பைத்தான் நிரல்மொழியின் சிஎஸ்வி மாட்யூல்தான் சரி.