‘எச்சரி’, ‘தெரிவி’ என்று குறிப்பு வந்தால்: குறுக்கெழுத்தில் சரியான சொல்லைப் பிடிக்கும் வழி

எச்சரிப்பதற்கும் தகவல் சொல்வதற்கும் தமிழில் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. குறுக்கெழுத்துப் புதிரில் இந்த வகைக் குறிப்பைக் கண்டால் எனக்கு உற்சாகம் பிறப்பது அதனால்தான். புதிதாகப் போடுகிறவர்கள் திணறுவதும் அதனால்தான். நான் பல புதிர்களில் அடித்துத் திருத்திக் கற்றுக்கொண்ட வழியை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி, குறிப்பில் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆபத்து வருமுன் சொல்’, ‘கவனமாக இரு என்று சொல்’ என்றெல்லாம் இருந்தால் எச்சரி, எச்சரிக்கை, உஷார், ஜாக்கிரதை, விழிப்பு ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். வெறுமனே சேதி சொல்வதென்றால் அறிவி, தெரிவி, உணர்த்து. இன்னும் பொதுவாகச் ‘சொல்’ என்று மட்டும் இருந்தால் செப்பு, பகர், நவில், நுவல், புகல், இயம்பு, விளம்பு என்று பெரிய கூட்டமே காத்திருக்கிறது.

இரண்டாம் படி, குறிப்பின் வடிவம். ‘தகவல்’ என்று கேட்டால் விடை பெயர்ச்சொல்: செய்தி, சேதி. ‘தகவல் கொடு’ என்று கேட்டால் விடை ஏவல்: அறிவி. கட்டங்களை எண்ணும்போது மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. எச்சரி நான்கு, எச்சரிக்கை ஆறு, முன்னெச்சரிக்கை எட்டு.

மூன்றாம் படியில்தான் நான் விழுந்தேன், நிதானமாகப் படியுங்கள். ‘தகவல் கொடு’ என்று ஒரு குறிப்பு, மூன்று கட்டங்கள். ‘தெரிவி’ என்று எழுதினேன். கடைசிக் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் சொல்லுக்கு ‘வானம்’ என்று குறிப்பு. நான்கு கட்டம், விசும்பு. ‘வி’ கச்சிதமாகப் பொருந்தியது. இனிச் சந்தேகமே இல்லை என்று அந்த மூலை முழுவதையும் பேனாவால் நிரப்பினேன். பிறகு முதல் கட்டத்திலிருந்து இறங்கும் சொல்லுக்கு வந்தேன். ‘தாய்’, மூன்று கட்டம். அன்னை! ‘தெ’ இருக்கும் இடத்தில் ‘அ’ வர வேண்டும். விடை ‘அறிவி’. நடுக்கட்டம் ‘ரி’யா ‘றி’யா என்று காட்டிக்கொடுக்க அந்த வழியே வேறு சொல் எதுவும் ஓடவில்லை.

இரண்டு சொற்களும் ‘வி’ என்றே முடிவது தற்செயல் அல்ல. ஒருவரை அறியச் செய்வதும் தெரியச் செய்வதும் பிறவினை. அறி, தெரி என்ற தன்வினைகளோடு ‘வி’ விகுதி சேர்ந்துதான் அறிவி, தெரிவி பிறக்கின்றன. உணர்த்து, அறிவுறுத்து இரண்டும் ‘த்து’ என்று முடிகின்றன. பிறவினையாக இல்லாவிட்டாலும் இயம்பு, விளம்பு இரண்டுக்கும் வால் ஒன்றே. நவில், நுவல், புகல் மூன்றும் ‘ல்’லில் நிற்கின்றன. ஆகவே இந்தக் குடும்பத்தில் கடைசி எழுத்து பொருந்துவதை உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் எழுத்தைக் கடக்கும் சொல்லை முதலில் கண்டுபிடியுங்கள். அது கிடைக்கும்வரை பென்சில்தான்.

கருவிகள் பற்றி என் கருத்து. தவறான எழுத்தை உடனே சிவப்பாக்கிக் காட்டும் செயலிகளைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். இரண்டு சொற்களைச் சீர்தூக்கிப் பார்க்கும் பழக்கம் வராது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அருமையான துணை, இணையத்திலேயே தேடலாம். ஆனால் அகராதி சொல்லிலிருந்து பொருளுக்குப் போகிறது. நமக்கோ பொருளிலிருந்து சொல்லுக்குப் போக வேண்டும். அந்த வேலையை நம் நிகண்டுகள் செய்யுளிலேயே செய்துவைத்திருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். அவற்றைவிட எனக்குக் கைகொடுப்பது ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டு கட்டச் சொற்களுக்கு ஒரு பக்கம் (கூறு, உரை, மொழி), மூன்றுக்கு ஒரு பக்கம், நான்குக்கு ஒரு பக்கம். நீங்களும் ஒன்று தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை: முதல் எழுத்தே ஒன்றாக இருந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ‘ஊருக்கு அறிவிக்க அடிப்பது’, நான்கு கட்டம், முதல் எழுத்து ‘த’ என்றால் தமுக்கும் வரும், தண்டோராவும் வரும். அங்கே மூன்றாவது, நான்காவது கட்டங்களைக் கடக்கும் சொற்களைப் பாருங்கள். ‘அடிப்பது’ என்பதற்குப் பதிலாக ‘ஒலிக்கும் கருவி’ என்று இருந்தால் நான் தமுக்கு என்றே எழுதுவேன். தண்டோரா பெரும்பாலும் அறிவிக்கும் செயலையே குறிக்கிறது.

இன்னொரு சிக்கலையும் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தும் முதல் கட்டத்தில் ‘ல்’ வந்து நிற்கிறதாம். தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. குறிப்பின் ஓரத்தில் ‘திரும்பியுள்ளது’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘தகவல்’ அங்கே வலமிருந்து இடமாக, ல்-வ-க-த என்று உட்கார்ந்திருக்கும்.