ஹவுசிங் போர்டு பிள்ளைகள் போகும் வழியை வரைந்து பார்ப்பது எப்படி

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் சென்னையின் தெற்கு விளிம்பில், ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம், வேறு இடங்களிலிருந்து குடிபெயர்க்கப்பட்டவர்களுக்காகக் கட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்புகள். கண்ணகி நகரில் 2000-ஐ ஒட்டிக் குடியமர்த்தத் தொடங்கினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், ஆற்றங்கரைகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே வளரும் பிள்ளை பத்தாம் வகுப்பிலிருந்து முதல் சம்பளத்துக்குப் போகும் வழி வேறு. மயிலாப்பூரிலோ அண்ணா நகரிலோ வளரும் பிள்ளை போகும் வழி வேறு. ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று அறிக்கையில் ஒரு வரி எழுதி முடித்துவிடுவது எளிது. இடம் மாறிய மாதம், பஸ், சான்றிதழ், முகவரி ஆகிய நான்கையும் பார்க்காதவர் ஆர்வத்தைப் பற்றி எழுதவே கூடாது.

அந்த வழியை ஒவ்வொரு பிள்ளைக்கும் தாளில் வரைந்து பார்ப்பது, சமூகப்பணி மாணவர்கள், ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இரண்டு மாதத்தில் செய்யக்கூடிய வேலை.

யாரிடம் பேசுவது

இருபத்துநான்கு பேர் போதும். 14–15, 16–18, 19–24 என்று மூன்று வயதுக் குழுக்கள், குழுவுக்கு எட்டுப் பேர், அதில் நாலு பேர் பெண்கள். ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்க வேண்டியது, ‘இங்கே வந்தபோது என்ன வயசு?’ ஐந்து வயதில் வந்த பிள்ளைக்கு இதுதான் சொந்த ஏரியா. பதினான்கில் வந்த பிள்ளைக்கு ஏரியா என்றால் இன்னும் பழைய இடம்தான். ஆடித் திருவிழாவுக்கும் சாவுக்கும் அங்கேதான் போவான். இருவரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் எதுவும் புலப்படாது.

தொண்டு நிறுவன மையத்துக்கு வரும் பிள்ளைகளோடு நின்றுவிடாதீர்கள். அங்கே வருபவர்கள் ஏற்கெனவே ஒரு கை பிடித்துக்கொண்டவர்கள். டியூஷன் மையத்தில் எட்டுப் பேர், மைதானத்திலும் டீக்கடை ஓரத்திலும் எட்டுப் பேர் என்று எடுங்கள். மீதி எட்டுப் பேர் தெருவில் கண்ணில் படாதவர்கள். பள்ளியை விட்டு வீட்டிலிருக்கும் பெண்கள், விடியுமுன் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவர்கள். இந்தக் கடைசி எட்டுப் பேரைக் கண்டுபிடிக்கத்தான் நாள் பிடிக்கும். அந்த பிளாக்கிலேயே வசிக்கும் அக்கா ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் போகாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர், பிள்ளை இருவர் சம்மதமும் வேண்டும். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது காதல், கடன், போலீஸ் பற்றிக் கேட்காதீர்கள். உண்மை வராது, வந்தால் வீட்டில் வினையாகும்.

கோடு போடுவது

சார்ட் பேப்பரை அகலவாக்கில் வைத்து நடுவில் ஒரு கோடு. ஒரு வயதுக்கு 2.5 செ.மீ. என்று கணக்கு வைத்தால் 24 வயதுக்கு 60 செ.மீ. வரும், தாளுக்குள் அடங்கும். கோட்டுக்கு மேலே வீடு. கீழே பள்ளி, வேலை. வருடம் மட்டும் எழுதினால் பயனில்லை, மாதம் வேண்டும். தேதி நினைவில்லை என்றால் ‘அரையாண்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

ஒரு கோடு எப்படி வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மேலே: ஒன்பதாம் வகுப்பு டிசம்பரில் சென்ட்ரல் அருகிலிருந்து பெரும்பாக்கம். கீழே: பழைய பள்ளியே தொடர்கிறது, ஏனென்றால் நடு வருடத்தில் டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கத் தயக்கம். போக ஏறத்தாழ 25 கி.மீ., வரவும் அவ்வளவே. ஜனவரியில் முதல் பீரியட் தவறுகிறது, பிப்ரவரியில் வாரம் இரண்டு நாள் லீவு, பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போகிறது. மே மாதம் கேட்டரிங் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், கையில் பணம் வருகிறது. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிடுகிறது. மேலே வீடு மாறிய மாதத்துக்கும் கீழே வருகை குறையும் மாதத்துக்கும் இடையில் சிவப்புக் கோடு ஒன்று இழுங்கள். இருபத்துநான்கு தாள்களையும் சுவரில் ஒட்டிப் பார்த்தால் எந்த வகுப்பில் வந்தவர்கள் அதிகம் அடிபட்டார்கள் என்று தெரியும். எட்டு முதல் பத்துக்குள் வந்தவர்களைத் தனியாகக் கவனியுங்கள்.

மேற்சொன்ன கோட்டில் கை கொடுக்கக்கூடிய இடமும் இருக்கிறது. தேர்வு முடிவுக்கும் துணைத் தேர்வு விண்ணப்பத்துக்கும் நடுவே இருப்பது மிகக் குறுகிய காலம். யார் யாருக்கு உதவி தேவைப்படும் என்ற உங்கள் பட்டியல் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

கூடவே பயணம் போவது

கூகுள் மேப்ஸ் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். ஆறு பேரோடு கதவிலிருந்து வகுப்பு வரை அல்லது வேலையிடம் வரை கூடவே போங்கள். லிஃப்ட் ஓடுகிறதா, படியா, ஸ்டாப் வரை நடை, காத்திருப்பு, மாறும் இடம் என்று ஒவ்வொன்றையும் நிமிடக் கணக்கில் குறியுங்கள். ஏறாமல் விட்ட பஸ்களை எண்ண மறக்காதீர்கள். அரசின் விடியல் பயணத் திட்டத்தில் பெண்களுக்கு இலவசம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும். டீலக்ஸ் வந்தாலும் விட்டுவிட்டு நிற்கும் பெண்ணின் காத்திருப்பு எந்தக் கால அட்டவணையிலும் இருக்காது. திரும்பும் பயணத்தை இருட்டிய பிறகு ஒரு தடவையாவது பாருங்கள். மாலை ஆறு மணிக்கு முடியும் வகுப்பு ஒரு பையனுக்கு வெறும் களைப்பு. பல பெண்களுக்கு அதோடு படிப்பே நின்றுபோகும். இரண்டையும் ஒரே ‘இடைநிற்றல்’ கணக்கில் போடாதீர்கள்.

பாட்டு, பைக், கபடி

முடி வெட்டையும் பைக்கையும் பார்த்து ‘புள்ளிங்கோ’ (சென்னைப் பேச்சில் இப்படிப்பட்ட இளைஞர்களைக் குறைவாகச் சொல்லும் சொல்) என்று பெயர் வைத்துவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் கண்ணில் படாது. கானா பாடும் குழுவிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: யாரிடம் கற்றார்கள், எங்கே ஒத்திகை, எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு கிடைக்கிறது. சாவு வீடு, திருமணம், கோயில் விழா என்று பிரித்து எழுதினால் அது பொழுதுபோக்கா, பாதி வேலையா என்று புரியும். பழைய ஏரியாவின் பெயர் பாட்டில் வருகிறதா என்றும் கேளுங்கள்.

மைதானம் எத்தனை, விளக்கு இருக்கிறதா, பெண்கள் எத்தனை மணி வரை விளையாடுகிறார்கள் என்றும் பாருங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அங்கே கபடி பல பெண்களுக்கு வீட்டைவிட்டு வெளியே வரக் கிடைத்த அனுமதியும்கூட. விளையாடாத பெண்களின் உலகம் மாடிப்படியிலும் போனிலும் இருக்கும். அதைப் படம் எடுக்காதீர்கள்.

சான்றிதழ் சரிபார்ப்பு

உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கான புதுமைப் பெண், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் அடிப்படை; உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. வீடு மாறிய குழப்பத்தில் பக்கத்து மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டி ஓராண்டு படித்த பிள்ளை இந்தச் சலுகைகளை இழக்க நேரும். வந்த முதல் மாதத்திலேயே பெற்றோரிடம் இதைச் சொல்ல ஆள் வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் பாருங்கள்: எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் விவரப் பதிவு) பதிவில் எல்லா வகுப்பும் விடுபடாமல் ஏறியிருக்கிறதா, ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றா, ஆதாரில் இருப்பது பழைய முகவரியா. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டுமென்றால் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது, கட்டணச் சலுகையும் ஒருவருக்கே. அக்கா வாங்கியிருந்தால் தம்பிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதையும் சொல்லுங்கள்.

முகவரி

‘உன் ஏரியாவைக் கேவலமாகப் பார்க்கிறார்களா?’ என்று நேராகக் கேட்காதீர்கள், ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘வேலைக்கு எழுதிக்கொடுத்த முகவரி என்ன?’ என்று கேளுங்கள். கண்ணகி நகர்ப் பிள்ளை துரைப்பாக்கம் என்றும், செம்மஞ்சேரிப் பிள்ளை சோழிங்கநல்லூர் என்றும் சொல்வது உண்டு. எந்த வயதில் அப்படிச் சொல்லத் தொடங்கினார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைக் கோட்டில் குறியுங்கள். வங்கி, டூ வீலர் லோன், இரவில் போலீஸ் சோதனை மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முடிந்ததும் தாள்களில் பெயர், பிளாக் எண் இரண்டையும் நீக்கிவிட்டு முதலில் அந்த இருபத்துநான்கு பேரிடம் காட்டுங்கள். தவறென்று அவர்கள் சொல்வதைத் திருத்துங்கள், வெளியே போகக் கூடாது என்பதைக் கிழித்துப் போடுங்கள். பிறகு பயண நேரத் தாள் மட்டும் தனியாக மாநகர் போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கு. ஜூனில் பள்ளி திறக்கும் முன்பு கொடுக்க வேண்டும். சான்றிதழ்க் குறைகளின் பட்டியல் தலைமையாசிரியருக்கு. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் முன்பு, ஜனவரியிலேயே முகாம் போடச் சொல்லுங்கள்.