ஊருணிக் கரையின் பச்சை பழுப்பாகாமல் இருக்க: அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர்

காரைக்குடிப் பக்கத்து ஊருணி ஒன்றின் படித்துறையில் ட்ரைபாடை நிறுத்தி, நீர்ப்பரப்பு அலையின்றி வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்று ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடியான 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டரை லென்ஸில் மாட்டினால், 1/30 வினாடி எக்ஸ்போஷர் ஏறத்தாழ 34 வினாடியாக நீளும். அப்படி எடுத்த என் படங்களில் கரையிலிருந்த வேப்பமரங்கள் செம்பழுப்பாக வந்தன. சாதாரண என்.டி. கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியை அடக்கினாலும், 700 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு விட்டுவிடுகிறது. இலைகளோ அந்த ஒளியை மிகுதியாகப் பிரதிபலிக்கின்றன. படத்தைப் பதிவுசெய்யும் சிலிக்கான் சென்சார் ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரை உணரக்கூடியது என்பதால், கேமராவுக்குள் இருக்கும் தடுப்புக் கண்ணாடி மட்டும் அப்போது போதாமல் போகிறது.

கார்த்திகையில் பிள்ளையார்பட்டிக்கு வரும் ஐயப்ப பக்தர்களின் உடையிலும் இதைக் காணலாம். உட்தடுப்பு பலவீனமான கேமராவில் பருத்தி வேட்டி கறுப்பாகவே இருக்க, அருகில் நிற்பவரின் கறுப்புப் பாலியஸ்டர் சட்டை கத்தரிப்பூ நிறம் காட்டக்கூடும். 2006-இல் வெளிவந்த லைக்கா எம்8 கேமராவில் இக்குறை பெரிதாகத் தெரிந்ததால், அந்நிறுவனமே வாங்கியவர்களுக்குத் தடுப்பு ஃபில்டர்களை வழங்க நேர்ந்தது. படம் முழுவதன் நிறத்தையும் ஒருசேரத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. சட்டையைத் திருத்தினால் முகத்தின் நிறம் கெடும். ஆகவே அகச்சிவப்பை சென்சாருக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

முதலில் உங்கள் கேமராவைச் சோதியுங்கள். கறுப்புப் பாலியஸ்டர் துணியையும் கறுப்புப் பருத்தித் துணியையும் அருகருகே விரித்து, குண்டு பல்பின் வெளிச்சத்தில் ஒரு படமும், வெயிலில் என்.டி. மாட்டி ஒரு படமும் எடுங்கள். இரண்டு படங்களிலும் இரு துணிகளும் ஒரே கறுப்பாக இருந்தால் ஃபில்டர் வாங்கத் தேவையில்லை. என்.டி. மாட்டியபோது மட்டும் நிறம் பிரிந்தால், அகச்சிவப்பையும் சேர்த்து அடக்கும் ஐ.ஆர்.என்.டி. வகையை வாங்குவதே நல்லது. ஒரே கண்ணாடி என்பதால் படத்தின் மூலைகள் இருளும் வாய்ப்பும் குறையும். தனித்தனி ஃபில்டர்கள்தான் கையில் உள்ளன என்றால், தடுப்பு ஃபில்டரை வெளிப்புறத்தில் மாட்டுங்கள். அது திருப்பியனுப்பும் ஒளி இரு கண்ணாடிகளுக்கும் இடையே அலையாமல் வெளியேறிவிடும்.

நாட்டுக்கோட்டை வீட்டின் வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) முழுவதையும் அகலக்கோண லென்ஸில் அடக்கும்போது மட்டும் கவனம் தேவை. பூச்சு வகைத் தடுப்பு ஃபில்டர்களில் ஒளி சாய்ந்து விழும் ஓரங்களில் சிவப்பும் சேர்ந்து வெட்டுப்படுவதால், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மூலைகள் நீலப்பச்சை பூசியதுபோல் வரும். அங்கே என்.டி. தேவைப்படாது என்பதால், என்.டி. இல்லாமல் எடுத்த துணிச் சோதனையில் உங்கள் கேமரா தேறியிருந்தால் தடுப்பு ஃபில்டரையும் கழற்றிவிட்டே எடுங்கள்.