விட்சர் 3: முடிவெடுத்து விளையாடப் பழகுவது எப்படி?

போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட 'தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்' விளையாட்டில் நீங்கள்தான் கெரால்ட். கூலி வாங்கிக்கொண்டு பூதங்களை வேட்டையாடும் 'விட்சர்' அவன். நீங்கள் நல்லவரா, கெட்டவரா என்று காட்டும் அளவுகோல் எதுவும் திரையில் கிடையாது. செய்ததன் விளைவு பல மணி நேரம் கழித்து, அந்த ஊரையே நீங்கள் மறந்த பிறகு வந்து நிற்கும். அதனால் வாள்வீச்சைவிடக் காது கொடுத்துக் கேட்பதை முதலில் பழகுங்கள்.

படி 1: சண்டையை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள்

கடின அளவில் நான்கு நிலைகள் உண்டு. முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மனிதருக்கு எஃகு வாள், பூதங்களுக்கு வெள்ளி வாள், அடி தாங்க 'குவென்' மந்திரம். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

படி 2: உரையாடலின் நிறங்களைக் கவனியுங்கள்

மஞ்சள் வரியைத் தொட்டால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். வெள்ளை வரிகள் கூடுதல் தகவல் தருபவை. வெள்ளையை எல்லாம் கேட்டு முடித்த பிறகே மஞ்சளுக்குப் போங்கள். சில இடங்களில் நேரம் குறைந்துகொண்டே வரும் கோடு ஒன்று தோன்றும். அது தீர்ந்தால் நீங்கள் தேர்ந்தெடுக்காமலே ஒரு பதில் முடிவாகிவிடும்.

படி 3: ஒயிட் ஆர்ச்சர்டில் இரண்டு சிறு பணிகள்

கதை தொடங்கும் இந்த ஊர், படையெடுத்து வந்த நில்ஃப்கார்ட் பேரரசுப் படையின் பிடியில் இருக்கிறது. அந்தப் படைக்கு வேலை செய்யும் கொல்லர் வில்லிஸின் பட்டறைக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். தடம் பிடித்துப் போனால் நாப் என்ற உள்ளூர்க்காரன் அகப்படுவான். பணம் தருகிறேன், விட்டுவிடு என்று கெஞ்சுவான். குற்றம் செய்தவன்தான், சந்தேகமில்லை. ஆனால் அவனை ஒப்படைத்தால் படையினர் தூக்கில் போட்டுவிடுவார்கள். பட்டறை எரிந்ததற்கு உயிர் ஈடாகுமா? முதல் ஒரு மணி நேரத்திலேயே இதைக் கேட்டுவிடும் துணிச்சலுக்காகவே எனக்கு இந்த விளையாட்டைப் பிடிக்கும்.

இரண்டாவது பணி, மூலிகை மருத்துவச்சி டொமீராவின் குடிசையில். கிரிஃபின் என்ற பறக்கும் பூதம் தாக்கிய லேனா என்ற பெண் சாகக் கிடக்கிறாள். விட்சர்கள் குடிக்கும் 'ஸ்வாலோ' மருந்தைக் காய்ச்சிக் கொடுக்கலாம். அது சாதாரண மனித உடலுக்கு நஞ்சு. கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவுசெய்துவிட்டுத் தயங்காமல் நகருங்கள். என்ன ஆனது என்று அறிய, அடுத்த பகுதியான வெலன் வரை போக வேண்டும்.

படி 4: சேவ் செய்யுங்கள், ஆனால் பின்வாங்காதீர்கள்

சண்டைக்கு முன்னால் தவறாமல் சேவ் செய்யுங்கள். ஒரு முடிவு உறுத்துகிறது என்பதற்காகப் பழைய சேவுக்குத் திரும்பாதீர்கள். விளைவு தெரியவரும்போது நீங்கள் வெகுதூரம் வந்திருப்பீர்கள். மற்றப் பாதையைப் பார்க்க விரும்பினால் இன்னொரு முறை முதலிலிருந்து ஆடுங்கள்.

படி 5: வெலனில் பிரபுவிடம் பொறுமையாக இருங்கள்

குரோஸ் பெர்ச் கோட்டையில் இருக்கும் 'பிளடி பேரன்' (Bloody Baron) என்ற பிரபு, காணாமல்போன மனைவியையும் மகளையும் தேடித்தரச் சொல்வான். விசாரித்தால், குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் என்பது தெரியவரும். கருவிலேயே கலைந்து, முறையாக அடக்கம் செய்யப்படாத குழந்தை இரவில் பூதமாக அலைகிறது. அதை வெட்டிக் கொல்லலாம். அல்லது தந்தையே அதைக் கையில் ஏந்திச் சென்று, பெயர் சூட்டி, வீட்டு வாசற்படிக்கு அடியில் புதைக்கும் சடங்கைச் செய்யலாம். சடங்கைத் தேர்ந்தெடுத்தால், வழியில் ஆவிகள் தாக்கும்; குழந்தை சீறும்போதெல்லாம் மனத்தை வசப்படுத்தும் 'ஆக்ஸி' மந்திரத்தால் அடக்க வேண்டும். முதல் முறை ஆடுபவர்கள் சடங்கையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். பிரபு செய்த கொடுமையில் ஒரு துளியையும் அது மன்னிப்பதில்லை. ஆனாலும் அவன் குரல் உடையும்போது உங்களால் அவனை வெறுமனே வெறுக்கவும் முடியாது.

அடுத்து, ஒரு குன்றின் அடியில் மரத்துக்குள் சிறைப்பட்ட ஆவி உங்களோடு பேசும். விடுவித்தால், சதுப்பு நிலத்தில் இருக்கும் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லும். அதைக் கொல்லச் சொல்பவர்களோ அந்தச் சதுப்பு நிலத்தை ஆளும் மூன்று சூனியக்காரிகள். இரண்டு பக்கமும் நம்பத்தக்கவர்கள் இல்லை. இரண்டில் எதைச் செய்தாலும் விலை உண்டு. அது என்ன என்பதை இங்கே எழுதமாட்டேன். நீங்களே காண வேண்டியது அது.

படி 6: ஆக்ஸியின் 'டெல்யூஷன்' திறன்

இதில் புள்ளி சேர்த்தால் எதிராளியின் மனத்தை வளைக்கும் பதில்கள் உரையாடலில் திறக்கும். பல சண்டைகள் மிச்சமாகும். சுற்றி நிற்பவர்கள் கண்டுகொண்டால் வம்பும் வரும்.

படி 7: 'ஐல் ஆஃப் மிஸ்ட்ஸ்' தீவுக்கு முன்

அங்கே புறப்பட்டால் முடிக்காத துணைப் பணிகள் சில தோற்றதாகிவிடும். விளையாட்டே இதை எச்சரிக்கும். நண்பர்களின் பணிகளை அதற்குள் முடித்துவிடுங்கள்; பின்னால் கேர் மோர்ஹென் கோட்டைப் போரில் யார் யார் உங்கள் பக்கம் நிற்பார்கள் என்பதை அவையே தீர்மானிக்கின்றன. புறப்படும் முன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும், எதையாவது விட்டுவிட்டோம் என்று தெரிந்தால் தாராளமாகத் திரும்பிப் போகலாம்.