இறங்கிய முதல் இரண்டு மணி நேரம்

தணிக்கை வேலைக்காக அடிக்கடி வெளிநாடு போகிறவள் நான். தனியாகத்தான் போவேன், தனியாகத்தான் வருவேன். "பயமா இருக்காதா?" என்று கேட்பார்கள். இருக்கும். ஆனால் அந்தப் பயத்தில் பெரும்பகுதி, விமான நிலையக் கதவைத் தாண்டிய பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றியதுதான். சரியான தூக்கம் இருக்காது, கையில் பெட்டி, போனில் சிக்னல் வந்திருக்காது, 'எந்தப் பக்கம் போறது' என்பது முகத்திலேயே தெரியும். அந்த நேரத்தில் புதிதாக எந்த முடிவும் எடுக்கத் தேவையில்லாதபடி எல்லாவற்றையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புவதுதான் என் வழி.

டிக்கெட் போடும்போதே இறங்கும் நேரத்தைப் பார்ப்பேன். பகலில் இறங்குவதே மேல். நள்ளிரவில் இறங்கியே ஆக வேண்டுமென்றால், முதல் ராத்திரிக்கு மட்டும் விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல். ஊருக்குள் போவது காலையில். கூகுள் மேப்ஸில் அந்த ஊர் வரைபடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் முகவரியை அந்த நாட்டு எழுத்திலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதிவாகும் சிம்) போடுவதாக இருந்தால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

செயலியில் டாக்ஸி கூப்பிட்டால், வண்டி வந்ததும் உங்கள் பெயரை நீங்களாகச் சொல்லாதீர்கள். "யாரை ஏத்த வந்தீங்க?" என்று கேளுங்கள், அவர் சொல்லட்டும். நம்பர் பிளேட்டையும் பாருங்கள். ஊபரில் நான்கு இலக்க பின் எண் வசதி உண்டு. அதைப் போட்டு வைத்தால், நீங்கள் எண்ணைச் சொல்லாமல் ஓட்டுநரால் பயணத்தைத் தொடங்க முடியாது. வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை எட்டு மணி நேரம் வரை பகிரலாம். வண்டியில் ஏறும் முன்பே பகிர்ந்துவிடுங்கள், ஏறிய பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி ஓட்டல். வரவேற்பு மேசையில் இருப்பவர் "உங்க ரூம் 412" என்று சத்தமாகச் சொன்னால், பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் அது கேட்டிருக்கும். நான் சாவியை அப்படியே திருப்பி வைத்து, "வேற ரூம் குடுங்க, நம்பரை எழுதிக் காட்டுங்க" என்பேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை, சுளித்தாலும் பரவாயில்லை. தரைத்தள அறை வேண்டாம். உள்ளே போனதும் பெட்டியைப் பிரிக்கும் முன் பக்கத்து அறைக்குப் போகும் உள்கதவு இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். குளியலறை, திரைக்குப் பின்னால், ஜன்னல் கொண்டி எல்லாம் சேர்த்தே ஒரு நிமிட வேலைதான்.

என் பையில் எப்போதும் ரப்பர் கதவு ஆப்பு ஒன்று கிடக்கும். படுக்கும் முன் கதவின் அடியில் உள்பக்கமாகச் சொருகி, காலால் ஒரு மிதி. கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்தால், வெளியே மாற்றுச் சாவியே வைத்திருந்தாலும் லேசில் தள்ள முடியாது. "ரிப்பேர் பார்க்க வந்திருக்கோம்" என்று யாராவது தட்டினால், திறக்காமல் வரவேற்புக்குப் போன் போட்டுக் கேளுங்கள். வந்தவர் நிஜமாகவே ரிப்பேர்காரர் என்றால் ரெண்டு நிமிஷம் நிற்பதில் அவருக்கு நஷ்டமில்லை.

பெப்பர் ஸ்பிரே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். பிரிட்டனில் அதை வைத்திருப்பதே குற்றம். ஊசியை இழுத்தால் அலறும் சின்ன அலாரம் போதும். அவசர எண்ணையும் நாட்டுக்கு நாடு பார்த்து வையுங்கள்: ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்காவில் 911, ஜப்பானில் போலீஸுக்கு 110. சிம் இல்லாத போனிலும் அவசர அழைப்பு போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் போகாது.

தோக்கியோ, கெய்ரோ, மெக்சிகோ நகரம், துபாய் மெட்ரோக்களில் பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் உண்டு. தோக்கியோவில் அது கூட்ட நேரத்தில், சில தடங்களில் மட்டும். நடைமேடைத் தரையில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

இப்போது பேச்சு. "தனியாவா வந்திருக்கீங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு உண்மை சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. "கூட வேலை செய்றவங்க கீழே இருக்காங்க" என்பது என் பதில். கேட்பவர் பாட்டியாக இருந்தாலும் அதே பதில்தான், வாய்க்குப் பழக்கமாகிவிடும். எந்த ஓட்டல் என்று கேட்டால் "ஸ்டேஷன் பக்கம்" என்று நிறுத்திவிடுவேன். மறுத்த பிறகும் கூடவே நடந்து வருகிறவரிடம் காரணம் விளக்க ஆரம்பித்தால் அது உரையாடலாகிவிடும். சிரிக்காமல், நிற்காமல், வெளிச்சமுள்ள கடைக்குள் போய், கல்லாவில் இருப்பவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "இந்த ஆள் என் பின்னாடியே வர்றார்." பொதுவாக 'யாராவது உதவுங்க' என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவரால் தட்ட முடியாது. பிரிட்டனில் பல மதுக்கூடங்களில் "ஏஞ்சலா இருக்காங்களா?" என்று கேட்டாலே உங்களுக்கு உதவி தேவை என்பது ஊழியருக்குப் புரிந்துவிடும், உங்களைத் தனியே அழைத்துப் போய் டாக்ஸி ஏற்பாடு செய்வார்கள்.

பாஸ்போர்ட் நகல் ஒன்று பெட்டியில், ஒன்று மின்னஞ்சலில். இரண்டு வங்கிக் கார்டுகளை ஒரே பையில் வைக்காதீர்கள். போலீஸ் பிடித்து வைத்தால் உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் தரும் உரிமை அது.

கடைசியாக, வீட்டுப் பக்கம் ஒரு ஆள். ராத்திரி பத்து மணிக்குள் உங்கள் செய்தி வராவிட்டால் உங்களுக்குப் போன், எடுக்காவிட்டால் ஓட்டலுக்கு, அங்கும் தகவல் இல்லையென்றால் தூதரகத்துக்கு என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். பத்து மணி எந்த ஊர்க் கணக்கு என்பதையும் எழுதுங்கள். அந்த ஆள் தங்கையோ தோழியோ, நிதானமான யாரோ. அம்மா வேண்டாம். பத்து நிமிஷம் தாமதமானாலே நேராகத் தூதரகத்தைத்தான் எழுப்புவார்.