பல்லாங்குழி எந்த மாவட்டம்? கணினியைப் படிக்க வைக்கும் முதல் பாடம்

கடலூரில் பாண்டி பஸ்ஸுக்கு நிற்கிற யாருக்கும் பாண்டி ஒரு ஊர் என்று சொல்லித்தர வேண்டாம். கணினிக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊராக நாம் ஊட்டிக்கொண்டிருக்க முடியுமா? இணையத்தில் கிடப்பதைப் படித்து அதுவே பொறுக்கிக்கொள்ளட்டும். பைத்தான் நிரல்மொழியின் அரிச்சுவடி தெரிந்தால் போதும்.

முதலில் உரை. தமிழ் விக்கிப்பீடியாவில் கடலூர், புதுச்சேரி வட்டாரக் கட்டுரைகள் முப்பதை ஒரே கோப்பில் ஒட்டி, வரிக்கொரு வாக்கியமாகப் பிரியுங்கள். முற்றுப்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டினால் நம்ம ‘ஓ.டி.’ (கடலூர் பழைய நகரம்) துண்டு துண்டாகிவிடும், பார்த்து.

அடுத்து விதை, அதாவது ஊர் என்று நாமே சொல்லிக்கொடுக்கும் பெயர்கள்: கடலூர், சிதம்பரம், பாண்டி. மூன்று போதும்.

இனி வலை வீசலாம். ‘கடலூர், பண்ருட்டி, நெய்வேலி போன்ற ஊர்கள்’ என்று எழுதுகிறோம் அல்லவா? ‘போன்ற’வுக்கு முன்னால் பெயர்கள், பின்னால் இனம் (இங்கே ‘ஊர்கள்’). ஆங்கிலத்தில் இந்த உத்தியை 1992-இல் கணினி ஆய்வாளர் மார்ட்டி ஹெர்ஸ்ட் எழுதினார். அங்கே பெரும்பாலும் இனம் முன்னால் வரும். நமக்கு இன்னொரு வசதி, பட்டியலில் பெயர்கள் வேற்றுமை உருபு ஏறாமல் நிற்கும். ‘சிதம்பரத்தில்’ என்பதிலிருந்து ‘சிதம்பரம்’ பிரிப்பது தனிப்பாடு. முதல் நாளே அதில் மாட்டாதீர்கள்.

‘போன்ற’ வரும் வரிகளை எடுத்து, காற்புள்ளியிலும் இடைவெளியிலும் பிரியுங்கள். ரெகெக்ஸில் (உரையில் வடிவம் தேடும் குறிமொழி) சொல் எழுத்துக்கென இருக்கும் பின்சாய்வுக்கோடு டபிள்யூவை (\w) நம்ப வேண்டாம். பைத்தானோடு வரும் தொகுதியில் அது துணைக்குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிக்காது. ‘கடலூர்’ என்பது ‘கடல’, ‘ர’ என்று உடையும். எனக்கு ஒரு சாயங்காலம் இதிலேயே போனது.

விதை இருக்கும் பட்டியலில் கூட நிற்பவையும் ஊர் என்று சேர்த்து, அவற்றையும் விதையாக்கி மறுபடி ஓட்டுங்கள்.

முதல் சுற்றில் விருத்தாசலம், பண்ருட்டி எல்லாம் அழகாக வந்தன. கூடவே பல்லாங்குழியும் ஊராகியிருந்தது! கோலியும்தான். கோப்பில் கிராம விளையாட்டுப் பக்கம் ஒன்றும் சேர்ந்திருந்தது. அதில் ‘பாண்டி, பல்லாங்குழி, கோலி போன்றவற்றை’ என்றொரு வரி. கட்டம் கீறி நொண்டியடிக்கிற பாண்டி! ‘போன்றவற்றை’ என்று முடிந்ததால் பின்னால் பார்த்துச் சுதாரிக்க இனமும் இல்லை. தடுக்காவிட்டால் அடுத்த சுற்றில் கபடியும் ஊர்தான்.

பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் ஓடவிட்ட ‘நெல்’ (வயல் நெல் இல்லை, இணையத்தைப் படித்துக் கற்கும் நிரலின் பெயர்) இணையக் குக்கீயை (உலாவி சேமிக்கும் சிறு கோப்பு) தின்கிற குக்கீ என்று எண்ணி, கணினிக் கோப்புகளையும் பேக்கரிப் பண்டத்தில் சேர்த்தது.

அவர்கள் வைத்த மருந்தையே நாமும் வைக்கலாம். கபடி, பல்லாங்குழி என்று ‘விளையாட்டு’க்கும் விதை போட்டு இரண்டையும் சேர்த்தே கற்பியுங்கள். இரண்டு பக்கமும் வரும் சொல் எதிலும் சேராமல் உங்களிடம் வரட்டும். வேறு வேறு கட்டுரைகளில் இரண்டு முறையாவது வராத பெயரை ஏற்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது வந்த வரியைச் சேமியுங்கள். தப்பு நுழைந்த வாசல் அதில்தான் தெரியும்.

என்னிடம் திரும்பி வந்தது பாண்டி ஒன்றுதான். விதையில் அதை அடித்துவிட்டுப் புதுச்சேரி என்று எழுதி, மறுபடி ஓட்டினேன்.