புள்ளைங்க யூரின் போறப்ப வலிக்குதுன்னு அழுதா

நீர்க்கடுப்புதான், இளநீ குடு சரியாயிடும்னு பெரியவங்க சொல்வாங்க, குடுங்க தப்பில்ல, ஆனா எரிச்சல் நிக்கலன்னா, இல்ல ராத்திரி படுக்கையை நனைக்காத புள்ள திடீர்னு நனைக்க ஆரம்பிச்சா டாக்டர்ட்ட காட்டி யூரின் டெஸ்ட், கல்ச்சர் (யூரின்ல கிருமி வளருதான்னு லேப்ல வளத்துப் பாக்கற டெஸ்ட்) ரெண்டும் கேளுங்க. ஆன்டிபயாட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடியே சாம்பிள் எடுத்துடணும், இது ரொம்ப முக்கியம், மருந்து உள்ள போயிட்டா கல்ச்சர்ல கிருமி தெரியாமயே போயிடலாம். நல்லா கழுவிவிட்டு, முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத லேப் டப்பால புடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள குடுத்துடுங்க. டெஸ்ட் நார்மல்னு வந்தும் வலி போகலயா, மலச்சிக்கல் இருக்கா, ஸ்கூல் டாய்லெட் பிடிக்காம அடக்கி வைக்குதான்னு பாருங்க, நெறைய பேர் இத யோசிக்கறதே இல்ல. காய்ச்சல், வாந்தி, முதுகு வலி, யூரின்ல ரத்தம் எது இருந்தாலும் அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.